ஏழாவது பாட்டு

சட்டைமேல் கம்பளி, கம்பளிமேல் மஞ்சள் ரப்பர்,
அதற்குள்ளே எங்கோ நான்.
ஃப்ரேசர்பரோ துறைக்கு அப்பால்
இறால் தரம்பிரித்துக்கொண்டிருந்தபோது
ஸ்கிப்பர் டூகல் அந்த சிடியைப் போட்டார்.

பாடுகிறவளை அந்த நாட்டில் எல்லாருக்கும் தெரியும்.
பஸ்ஸின் முதுகில் ஷாம்பூ பாட்டிலோடு சிரிப்பாள்.
காதல் முறிந்த பாட்டுகளில் சம்பாதித்தவள்
இப்போது ஊர்ப் பழம்பாட்டுகள் பன்னிரண்டு சேர்த்திருக்கிறாள்.
அட்டையில் பாறைமேல் நிற்கிறாள், சால்வை போர்த்தி.
பின்னால் அலை உடைகிறது.
ஒரு முடி பறக்கவில்லை.

ஆங்கிலம் என்று நினைத்துத்தான் கேட்டேன்.
பாதி ஆங்கிலமே இல்லை.
என் தமிழைக் கேட்டு நாகர்கோவில்காரர்களே
மலையாளமா என்பார்கள், அந்த மாதிரி.

ஏழாவது வந்ததும் டூகல் சொன்னார்:
"எங்கள் தெருப் பாட்டு இது.
எட்டு வயலின் வைத்து மூழ்கடித்துவிட்டாள்."
திட்டினார். பிறகு ஒலியைக் கூட்டினார்.
அவள் முடித்த இடத்தில் அவர் முடிக்கவில்லை,
ரேடார் திரையைப் பார்த்தபடி
இன்னும் நாலு வரி பாடினார்.
சிடியில் இல்லையே, என்றேன்.
விலைபோகாத வரிகள், என்றார்.

ஒப்பந்தம் முடிந்து தூத்தூர் வந்தபோது
பெட்டியில் சாக்லேட், மகனுக்கு ஷூ
(இரண்டு அளவு சின்னதாய்ப் போயிற்று),
அந்த சிடியும்.
போட்டுக் கேட்க வீட்டில் ஒன்றும் இல்லை.
மார்த்தாண்டத்தில் கொடுத்துப் பென் டிரைவில் ஏற்றினேன்.
கடைப் பையன் கேட்டான்:
"எந்த சபைப் பாட்டு அண்ணா?"

மதினி சாளை வெட்டிக்கொண்டிருந்தாள்.
ஜெசிந்தா மதினி.
அண்ணனின் படகு திரும்பாத ஆறாவது வருஷம்.
ஏழாவதைப் போட்டேன்.
என்னவாம், என்றாள்.
புருஷன் கடலுக்குப் போயிருக்கிறான்,
இவள் ஜன்னலில் விளக்கு வைத்திருக்கிறாள், என்றேன்.
கொஞ்ச நேரம் கேட்டாள். கத்தி நிற்கவில்லை.

"இவளுக்கு ஆரும் செத்ததில்ல" என்றாள்.
"அழுதவ இவ்வளவு நீளமா மூச்சு இழுக்கமாட்டா.
நடுவுல மூக்கு அடைக்கும்."

பிறகு: "விளக்கு வச்சு?"
அவ்வளவுதான், பாட்டு முடிந்தது, என்றேன்.
டூகலின் நாலு வரி எனக்குத் தெரியும்.
எண்ணெய்க்கடைக் கடன் கணக்கு அது,
கடைக்காரன் பெயரோடு,
எந்த மாதம் எவ்வளவு என்று.
சொல்லவில்லை நான்.
மதினி செதிலை வழித்து எறிந்துவிட்டுக் கேட்டாள்:
"அத்தன ராத்திரிக்கும்
மண்ணெண்ண ஆரு குடுத்தா?"

பென் டிரைவ் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.
ஒன்பதாவது, குடல் எடுக்கிற பெண்களின் பாட்டு.
விரலுக்கு விரல் துணி சுற்றி,
உப்பு ஏறிய புண்ணோடு, பீப்பாய் பீப்பாயாக.
இதில் வயலின் கிடையாது.
ஒரு முரசு, அவள் குரல், அவ்வளவே.
ஓரிடத்தில் மூச்சு திணறுகிறது,
அதை அப்படியே விட்டிருக்கிறாள்.
மதினியின் கத்தி முரசுக்கு முன்னால் போயிற்று,
பிறகு முரசோடு போயிற்று.
"இது சரி" என்றாள்.
"கத்தி பிடிச்சவ கெட்டின பாட்டு.
இவளும் கொள்ளாம், இதுல."

புளூடூத்தில் கேட்டாள். அனுப்பினேன்.

இப்போது அவள் போனில் அதுதான் மணி.
குழுக்கடன்காரன் கூப்பிட்டால் பாடும்.
தேங்காப்பட்டணம் ஏலத்தில் கூடைக்குள் கிடந்து பாடும்.
ஒரு ஞாயிறு எழுந்தேற்றத்தின்போது பாடி
பாதர் தலை தூக்கிப் பார்த்தாராம்.

அக்டோபரில் மறுபடி இங்கே வந்துவிட்டேன்.
படகு கட்டியிருக்கிற நாளில்
பனிக்கட்டி ஆலைச் சுவரோரம் ஒதுங்கி நின்று கூப்பிடுகிறேன்.
மழை. பெயிண்ட் நாற்றம். கடற்காக்கைகளின் சண்டை.
அங்கே சாளைச் சட்டிக்குப் பக்கத்தில்
இந்தத் துறையின் பெண்கள் பாடிக்கொண்டிருப்பார்கள்.
எனக்குக் கேட்காது.
எனக்கு வெறும் டுர்ர், டுர்ர்.

சில வேளை மதினி
வேண்டுமென்றே எடுக்கத் தாமதிக்கிறாளோ என்னவோ.